பெயர்ப் பதிவேடும் தேர்ச்சிப் பட்டியலும்: இந்திய நடுநிலைக் கல்வி வரலாற்றில் ஒரு சிக்கல்

பொதுப் பள்ளி ஒன்றின் அலுவலக அலமாரியில் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று சேர்க்கைப் பதிவேடு. மாணவரின் பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், அவர்தம் தொழில், சமயம், சாதி, தாய்மொழி ஆகியன அதில் இடம்பெறும். மற்றொன்று மதிப்பெண் பதிவேடு. ஆண்டிறுதியில் தலைமையாசிரியர் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடுவது இதிலிருந்துதான். கல்வி உதவித்தொகைக்குப் பட்டியல் அனுப்ப வேண்டிய நாளில் முதல் ஏடு திறக்கப்படும். ஆய்வாளர் வரும் நாளில் இரண்டாம் ஏடு திறக்கப்படும். இரண்டையும் ஒருசேர விரித்து, எத்தகைய வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தனர், அவர்களுள் எத்தனை பேர் எட்டாம் வகுப்பைக் கடந்தனர் என்று பார்க்கும் வழக்கம் மிக அரிது. இந்தியப் பொதுக் கல்வி உருவான முறையிலேயே இவ்வழக்கமின்மைக்கான காரணங்கள் உள்ளன. ஆறு முதல் எட்டு வரையுள்ள நடுநிலை வகுப்புகளின் வரலாற்றை நோக்கின் அவை தெளிவாகப் புலப்படும். தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர்களுள் யார் மேலே செல்வர், யார் வயலுக்கும் பட்டறைக்கும் திரும்புவர் என்பது பெரும்பாலும் இவ்வகுப்புகளின் வாயிலில் முடிவாகியுள்ளது.

மன்றோவின் படிவம்

மாணவர் யார் என்ற கணக்கைப் பரந்த அளவில் எடுக்க முற்பட்ட முதல் முயற்சிகளுள் ஒன்று சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது. ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் கல்வி எந்நிலையில் உள்ளது என்பதை அறிய மாவட்ட ஆட்சியர்கள் வாயிலாகத் தகவல் திரட்டுமாறு பணித்தார். அனுப்பப்பட்ட படிவத்தில் மாணவர்கள் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார் அனைவரும், முகமதியர் எனப் பகுக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவிலும் ஆண், பெண் எண்ணிக்கை தனித்தனியே கேட்கப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளில் ஆட்சியர்களின் மறுமொழிகள் வந்து சேர்ந்தன. கன்னட மாவட்ட ஆட்சியர் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்புவதில் பயனில்லை எனக் கருதினார்.

இம்மறுமொழிகளைத் தொகுத்து மன்றோ 1826 மார்ச் 10இல் எழுதிய குறிப்பு பலராலும் எடுத்தாளப்படுவது. மாகாண மக்கள்தொகை 1,28,50,941; பள்ளிகளும் கல்லூரிகளும் 12,498. ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 7,13,000 பேர் இருக்கக்கூடும் என்று கணித்த மன்றோ, பள்ளியில் பயில்வோர் 1,84,110 பேர் என்பதால் நால்வரில் ஒருவர் பள்ளியில் இருப்பதாக முடிவு செய்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. சென்னை நகரில் வீட்டிலேயே கற்பிக்கப்பட்ட பிள்ளைகள் 26,963 பேர் என்றும், இது பள்ளியில் பயின்றோரைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேல் என்றும் ஆட்சியரின் கணக்குக் கூறியது. இவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எனினும் வீட்டுக் கல்வியையும் சேர்த்துப் பார்த்தால் கல்வி பெறுவோர் மூன்றில் ஒரு பங்கை நெருங்குவர் என்று எழுதினார். பள்ளிப் பதிவேட்டுக்கு வெளியே உள்ள பிள்ளையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற உணர்வு அக்காலத்து அதிகாரி ஒருவருக்கு இருந்தமை குறிப்பிடத்தக்கது.

இவ்வாவணங்களை விரிவாக வெளியிட்டவர் தரம்பால். 1983இல் வெளிவந்த அவரது நூல் மாணவரின் சமூகப் பகுப்பை அட்டவணைகளாக முன்வைத்தது. தமிழ் வழங்கும் மாவட்டங்களில் சூத்திரரும் அவர்க்குக் கீழுள்ளோராகக் குறிக்கப்பட்ட பிற சாதியாரும் சேர்ந்து மாணவர் தொகையில் சேலத்திலும் திருநெல்வேலியிலும் ஏறத்தாழ 70 விழுக்காடு. தென்னார்க்காட்டில் 84 விழுக்காட்டிற்கும் மேல். பழங்காலப் பள்ளி மேல்சாதியாருக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்ற பொதுக் கருத்தை இவ்வெண்கள் அசைத்தன. ஆயினும் 'பிற சாதியார் அனைவரும்' என்னும் பத்தியை எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். அப்பத்தியில் அடங்கியவர் குயவரா, வண்ணாரா, பறையரா என்பதைப் படிவம் சொல்லாது. ஊர்த் திண்ணையில் கூடிய பள்ளிக்குள் சேரிப் பிள்ளை வந்தமர்ந்தானா என்ற வினாவிற்கு அதில் விடை தேட இயலாது. பெருந்தொகுதியைக் காட்டும் அட்டவணையே அதன் அடியில் இருப்போரை மறைக்கவும் கூடும். பெண்கள் பத்தியில் பல மாவட்டங்களில் மிகச் சிறிய எண்களே உள்ளன. அவர்களும் பெரும்பாலும் கோயில் நடன மகளிர் என்று சில ஆட்சியர்கள் குறித்துள்ளனர்.

மன்றோவின் படிவத்தில் இல்லாத பத்தி ஒன்று உண்டு. பிள்ளைகள் எவ்வளவு கற்றனர் என்பது அதில் கேட்கப்படவில்லை. பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. காம்ப்பெல் இக்குறையைத் தம் கடிதத்தால் நிரப்பினார். 1823 ஆகஸ்ட் 17ஆம் நாளிட்ட அவரது மறுமொழி ஏனைய ஆட்சியர்களின் மறுமொழிகளினும் விரிவானது. மக்கள்தொகை 9,27,857 கொண்ட அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருந்தனர். பள்ளிகளை மொழிவாரியாகவும் அவர் பிரித்துக் காட்டினார்: கன்னடம் 235, தெலுங்கு 226, மராத்தி 23, வடமொழி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் 1. மொழியெல்லை மாவட்டம் ஒன்றின் கல்விநிலையை இத்துணைத் தெளிவாகக் காட்டும் அக்கால ஆவணம் வேறொன்று கிடைப்பது அரிது.

காம்ப்பெல் எழுப்பிய இரு செய்திகள் இன்றும் கருதத்தக்கவை. முதலாவது மொழி பற்றியது. பள்ளியில் பயன்பட்ட நூல்கள் செய்யுள் நடையில், அன்றாடப் பேச்சுக்கும் வணிகத்துக்கும் உரிய வழக்கிலிருந்து வேறுபட்ட மொழியில் அமைந்திருந்தன. எழுத்து ஒன்றே ஆதலால் பிள்ளைகள் அவற்றைப் பிழையின்றிப் படித்தனர். பொருள் அறிந்தவர் ஒருசிலரே. படிக்கத் தெரிந்தும் புரிந்துகொள்ளத் தெரியாத நிலை என்று இன்றைய ஆய்வாளர் குறிப்பிடும் சிக்கலை அவர் அன்றே கண்டார். இரண்டாவது பொருளியல் பற்றியது. முன்னர்ப் பள்ளி இருந்த பல ஊர்களில் அப்போது பள்ளியே இல்லை. இங்கிலாந்துத் துணியின் வரவால் நெசவாளர் வருவாய் இழந்தமை உள்ளிட்ட பொது வறுமையை அதற்குக் காரணமாகக் காட்டினார். பிள்ளை பள்ளிக்கு வராமைக்குக் காரணத்தைப் பிள்ளையின் அறிவிலோ பெற்றோரின் அக்கறையிலோ தேடாமல், வீட்டு அடுப்பில் தேடிய அரசு அலுவலர் அவர்.

இம்மறுமொழிகளின் அடிப்படையில் மன்றோ மாவட்டத் தலைநகர்ப் பள்ளிகளையும் வட்டந்தோறும் தாசில்தாரிப் பள்ளிகளையும் நிறுவத் திட்டமிட்டார். திண்ணைப் பள்ளிக்கும் உயர்கல்விக்கும் இடையே ஒரு நடுப்படி அமைக்கும் முதல் முயற்சியாக இதனைக் கருதலாம். 1827இல் மன்றோ மறைந்தார். தாசில்தாரிப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன.

தலைக்கு இவ்வளவு என்ற மானியம்

1854இல் வெளிவந்த உட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறையை வகுத்தது. ஈராண்டுகளில், 1856இல், தார்வாரில் மகர் சிறுவன் ஒருவன் அரசுப் பள்ளியில் இடம் கேட்டு விண்ணப்பித்தான். பம்பாய் அரசு மறுத்தது. ஒருவனுக்காக ஏனையோர் அனைவரும் பள்ளியை விட்டு நீங்கும் நிலை வரும் என்பது அதன் வாதம். இந்திய அரசு இம்மறுப்பை ஏற்கவில்லை. 1858இல் இயக்குநர் அவையும் அரசுப் பள்ளிகள் எல்லாச் சாதியார்க்கும் திறந்தவை என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. கொள்கை ஏட்டில் ஏறியது. நடைமுறையில் அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் ஊர்ச் சாவடியிலும் நடந்த பள்ளிகளுக்குள் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் நுழைவது அடுத்த பல பத்தாண்டுகளிலும் எளிதாகவில்லை.

இந்நிலையில்தான் தேர்ச்சிக்கேற்ற மானியம் வந்தது. இங்கிலாந்தில் 1862இல் இராபர்ட் லோ புகுத்திய முறை அது. ஆய்வாளர் குறித்த நாளில் பள்ளிக்கு வருவார். படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு எனப் பள்ளிக்குத் தொகை கிடைக்கும். சென்னை, பம்பாய் மாகாணங்களில் 1860களிலேயே இம்முறை இடம்பெற்றது. திண்ணைப் பள்ளி ஆசிரியர்களை அரசு வலைக்குள் ஈர்த்ததில் இதன் பங்கு பெரிது. அச்சிட்ட வாசகப் புத்தகமும் ஆங்கில முறைக் கணக்கும் சிற்றூர்த் திண்ணைக்கு வந்து சேர்ந்தமைக்குப் பாடத்திட்டத்தின் மேன்மையைவிட மானியத்தின் கவர்ச்சியே காரணம் எனல் மிகையாகாது.

ஆயின் இம்முறை பள்ளியின் பார்வையை ஒரே நாளில் குவித்தது. ஆய்வாளர் வரும் நாளில் காய்ச்சலில் படுத்த பிள்ளையால் ஆசிரியருக்கு ஒரு காசும் இல்லை. அறுவடைக் காலத்தில் வராமல் நின்று, தேர்வுக்கு முன் திரும்பிய பிள்ளை ஆசிரியருக்குச் சுமை. முன்னரே வீட்டில் எழுத்தறிந்து வந்த பிள்ளையே இலாபம். ஆசிரியர் எவரையும் சாதி கூறி விலக்க வேண்டிய தேவையில்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளையையும் அடிக்கடி விடுப்பெடுக்கும் பிள்ளையையும் தேர்வு வரிசையில் நிறுத்தாமல் விட்டாலே போதும். அப்பிள்ளைகள் எவ்வீட்டைச் சேர்ந்தவர் என்பது சொல்லாமலே விளங்கும். தேர்ச்சிப் பட்டியலின் விழுக்காடு உயர, பெயர்ப் பதிவேட்டின் கீழ்ப்பகுதி மெலிவது இவ்வாறு கணக்கியல் விளைவாகவே நடந்தது.

அரசு இதனை அறியாமலில்லை. பெண்களுக்கும் பிற்பட்டோர்க்கும் கூடுதல் விகிதத்தில் மானியம் தரும் விதிகள் சேர்க்கப்பட்டன. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, தொடக்கப் பள்ளிகளுக்கு இம்மானிய முறையை ஏற்றுக்கொண்டது; மேல்நிலைக் கல்விக்கு அதனைப் பொதுவிதியாக்கவில்லை. அக்குழுவின் முன் சான்றளித்த மகாத்மா ஜோதிராவ் புலே, உழவர் தரும் வரியால் நிரம்பும் கருவூலம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் பயன்படுவதை எடுத்துரைத்து, பன்னிரண்டு வயது வரையிலேனும் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றார். இங்கிலாந்து 1890களில் கைவிட்ட தேர்ச்சி மானியத்தை இந்திய அரசு கர்சனின் 1904 மார்ச் தீர்மானத்தின் வழியாகவே ஒதுக்கியது. மானியம் போயிற்று, தேர்ச்சி விழுக்காட்டால் பள்ளியை அளக்கும் மனப்பழக்கம் போகவில்லை.

வாயிலாக மாறிய வகுப்பு

நடுநிலை வகுப்புகள் ஆங்கிலேயர் காலத்தில் தொடக்கக் கல்வியின் மேற்படியாக எண்ணப்படவில்லை. இடைநிலைக் கல்வியின் அடிப்படியாகவே அவை வைக்கப்பட்டன. அவற்றிலும் இருவகை இருந்தன. ஆங்கிலம் கற்பித்த நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வழிகாட்டியது. தாய்மொழி நடுநிலைப் பள்ளியோ ஆசிரியர் பயிற்சிக்கு மேல் வேறு வழி காட்டவில்லை. சென்னை மாகாணத்தில் 'மிடில் ஸ்கூல்' தேர்வில் தேறியிருத்தல் அரசின் கீழ்நிலைப் பணிகளுக்குத் தகுதியாயிருந்தது. பின்னாளில் உயர்தொடக்கப் பள்ளியின் எட்டாம் வகுப்பு முடிவில் நடந்த இ.எஸ்.எல்.சி. தேர்வும் இவ்வாறே ஒரு வாயிலாயிற்று. அதில் தேறிப் பயிற்சி பெற்றோர் தொடக்கப் பள்ளி ஆசிரியராயினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டே ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தனர் என்பதையும் மறத்தற்கில்லை. வாயில் அடைக்கவும் செய்தது, திறக்கவும் செய்தது.

எவருக்கு எவ்வளவு திறந்தது என்பதைப் பெயர்ப் பதிவேட்டையும் தேர்ச்சிப் பட்டியலையும் ஒருங்கே வைத்துக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1927 மார்ச் 12ஆம் நாள் கல்வி மானியக் கோரிக்கை மீது அவர் ஆற்றிய உரை, கல்விப் புள்ளிவிவரத்தைக் கையாள்வதில் ஒரு பாடமாகவே அமைகிறது. கல்வித்துறையின் அறிக்கையிலிருந்தே அவர் எண்களை எடுத்தார். தொடக்கக் கல்வியில், தத்தம் மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு, முன்னேறிய இந்துக்கள் 119, முகமதியர் 92, இடைநிலை இந்துக்கள் 38, பிற்பட்டோர் 18. இடைநிலைக் கல்வியில், இலட்சம் பேருக்கு, அதே வரிசையில் 3,000, 500, 140, 14.

இரு வரிசைகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து நோக்கின் வேறுபாட்டின் கடுமை தெரியும். முன்னேறிய இந்துக்களில் இலட்சத்துக்கு 11,900 பேர் தொடக்கப் பள்ளியிலும் 3,000 பேர் இடைநிலைப் பள்ளியிலும் இருந்தனர். அதாவது நான்கில் ஒன்று. முகமதியரில் இது ஏறத்தாழ பதினெட்டில் ஒன்று. இடைநிலை இந்துக்களில் இருபத்தேழில் ஒன்று. பிற்பட்டோரில் 1,800க்கு 14, அதாவது நூற்றிருபத்தெட்டில் ஒன்று. ஒரே ஆண்டில் எடுத்த எண்களாதலால் இவை ஒரே பிள்ளைகளைத் தொடர்ந்து சென்ற கணக்கல்ல. எனினும் போக்கு ஐயத்திற்கு இடமற்றது. தொடக்கப் பள்ளியில் ஏறத்தாழ ஆறரை மடங்காக இருந்த இடைவெளி, நடுநிலை வகுப்பின் வாயிலைத் தாண்டியதும் இருநூறு மடங்குக்கும் மேலாயிற்று.

அவ்வுரையிலேயே மற்றோர் எண்ணும் வருகிறது. பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளுள் நான்காம் வகுப்பை எட்டுவோர் பதினெண்மர். எஞ்சிய 82 பேரும் எழுத்தறியாமைக்கே திரும்புகின்றனர். அரசு கல்விக்குத் தலைக்கு 14 அணா செலவிட்டு, கலால் வரியாக இரண்டு ரூபாய்க்கு மேல் பெறுவதை அவர் சுட்டினார். கல்விச் செலவேனும் அவ்வளவாக வேண்டும் என்றார். இப்போக்கில் சென்றால் ஆண் பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கு வர நாற்பதாண்டும் பெண் பிள்ளைகள் வர முந்நூறாண்டும் ஆகும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்.

ஈராண்டு கழித்து அதே பதினெட்டு வேறொரு கையில் வேறொரு பொருள் தந்தது. சைமன் குழுவின் துணைக் குழுவாக சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் அமைந்த கல்விக் குழு 1929இல் அறிக்கை தந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் அதன் உறுப்பினர். 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பேருக்கு 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தவர் 18 பேர் என்று அக்குழு கணித்தது. படிப்பை முடிக்கும் முன் விலகுவதை விரயம் என்றும், ஒரே வகுப்பில் ஓராண்டுக்கு மேல் தங்குவதைத் தேக்கம் என்றும் வரையறுத்தது. அம்பேத்கர் இவ்வெண்ணிலிருந்து அதிகப் பள்ளி, அதிகச் செலவு, பிற்பட்டோர்க்குத் தனிச் சலுகை என்ற முடிவுக்கு வந்தார். ஹார்டாக் குழுவோ பள்ளிகளைப் பெருக்குவதை நிறுத்தி, இருப்பவற்றைச் செம்மைப்படுத்த வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. நடுநிலைக் கல்வி பற்றி அது கூறியதும் நோக்கத்தக்கது. சிற்றூர் வாழ்வுக்குரிய பிள்ளைகளைத் தாய்மொழி நடுநிலைப் பள்ளியிலேயே நிறுத்தி வைத்தல். எட்டாம் வகுப்பு முடிவில் மேலும் பலரைத் தொழில், வணிகத் துறைகளுக்குத் திருப்பி விடுதல். சிற்றூர் வாழ்வுக்குரியவர் யார் என்பதை எவ்வாறு அறிவது? பெயர்ப் பதிவேட்டில் தந்தையின் தொழில் எழுதிய பத்தியைத் தவிர வேறு வழி அதற்கு இல்லை.

கணக்கிலும் ஒரு குறை உண்டு. இரண்டாம் வகுப்பில் தங்கிவிட்ட பிள்ளை இன்னும் பள்ளியில்தான் இருக்கிறது. ஆனால் நான்காம் வகுப்பில் இல்லாததால் விரயப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஐந்து வயதும் நிரம்பாத குழந்தைகள் முதல் வகுப்புப் பதிவேட்டை வீங்கச் செய்வதும் உண்டு. நூருல்லாவும் ஜே. பி. நாயக்கும் பின்னர் இக்குழுவின் புள்ளிவிவர முறையைக் கடுமையாக விமரிசித்தனர். இதே ஹார்டாக்தான் 1931 அக்டோபரில் காந்தியடிகள் இலண்டனில் பேசிய, இந்தியாவின் பழைய கல்வி மரம் வெட்டப்பட்டது என்ற கருத்தை மறுத்துச் சான்று கேட்டவர். மன்றோவின் அட்டவணைகள் மீண்டும் பேச்சுக்கு வந்தது அவ்வழக்கினாலேயே. தரம்பாலின் நூலுக்கு வித்தும் அங்கேயே விழுந்தது.

விரயம் என்னும் சொல்லைச் சற்று ஆராய வேண்டும். எது விரயமாயிற்று? அரசு செலவிட்ட பணம் என்பதே அச்சொல்லின் உட்கிடை. பின்னர் வந்த 'இடைநிற்றல்' என்னும் தமிழ்ச்சொல் பணத்திலிருந்து பிள்ளைக்கு நகர்ந்தது. அது நல்ல மாற்றமே. எனினும் நிற்றல் என்பது தன்வினை. பிள்ளை தானாக நின்றது போன்ற தோற்றத்தை அது தருகிறது. ஊர்ப்புறத்தில் 'பையன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்னுட்டான்' என்பதும் 'நிறுத்திட்டோம்' என்பதும் வேறுவேறு செய்திகள். முன்னதில் பிள்ளை எழுவாய். பின்னதில் குடும்பம் எழுவாய். பள்ளி நிறுத்தியது என்ற மூன்றாம் வடிவம் பேச்சில் அரிது. புள்ளிவிவரத்தில் அதற்குப் பத்தியே இல்லை.

பதினான்கு வயது வரை

விடுதலைக்கு முன்பே நடுநிலை வகுப்புகளின் இடம் மாறத் தொடங்கியது. 1937இன் வார்தாத் திட்டம் ஏழு முதல் பதினான்கு வயது வரை ஒரே தொடர்ச்சியான ஆதாரக் கல்வியைக் கோரியது. 1944இன் சார்ஜண்டு திட்டம் அதனை இளநிலை, முதுநிலை ஆதாரக் கல்வி என இரண்டாகப் பிரித்து, பதினொரு வயதில் ஐவரில் ஒருவரைத் தெரிந்தெடுத்து உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றது. அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு பத்தாண்டுகளுக்குள் பதினான்கு வயது நிறையும் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்று அரசைப் பணித்தது. அதன்படி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகள் எல்லார்க்கும் உரியவையாயின. காலக்கெடு 1960இல் முடிந்தது. அவ்வுரிமை சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் முதல் நாளில்தான்.

இடைப்பட்ட காலத்தில் தமிழகம் கண்டவற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1953இல் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பழக வேண்டும் என்ற இராஜாஜியின் திட்டம் 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. தந்தையின் தொழில் பத்தியைப் பாடத்திட்டமாக்கும் முயற்சியாகவே மக்கள் அதனைக் கண்டனர். அடுத்து வந்த மதிய உணவு அதே பத்தியை வேறு விதமாகப் படித்தது. தந்தை கூலி என்று எழுதியிருந்தால், பிள்ளை பசியோடு வந்திருக்கும் என்பது அதன் பொருள்.

மொழிப் பத்தி மட்டும் பெரும்பாலும் எவராலும் படிக்கப்படாமலே இருந்தது. 1956இல் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்யுமாறு கூறுகிறது. ஆனால் தொடக்கக் கல்வி நிலையில் மட்டும். ஆறாம் வகுப்பில் அப்பாதுகாப்பு முடிகிறது. பெரும்பாலான மாநிலங்களில் மும்மொழித் திட்டத்தின் மூன்றாம் மொழியும் நடுநிலை வகுப்புகளிலேயே வந்து சேர்கிறது. அறிவியலும் சமூகவியலும் தனித்தனிப் பாடங்களாகிக் கலைச்சொற்கள் பெருகுவதும் அவ்வகுப்பில்தான். வீட்டில் கோண்டியோ படகு மொழியோ பேசும் பிள்ளைக்கு இம்மாற்றங்கள் அனைத்தும் ஒரே ஜூன் மாதத்தில் நேர்கின்றன. அவ்வாண்டு இறுதியில் அப்பிள்ளை பெறும் மதிப்பெண் அறிவியலுக்கு உரியதா, அறிவியல் எழுதப்பட்ட மொழிக்கு உரியதா என்பதை மதிப்பெண் பதிவேடு பிரித்துக் காட்டுவதில்லை. பெல்லாரியில் காம்ப்பெல் கண்ட சிக்கலின் மறுவடிவம் இது.

கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும் வரை எப்பிள்ளையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று விதித்தது. வாயில் கழற்றப்பட்டது எனலாம். உடனே எழுந்த குறை, பிள்ளைகள் கற்காமலே மேலே செல்கின்றனர் என்பது. குறையில் உண்மை இல்லாமலில்லை. 2018இன் அசர் ஆய்வில் ஊரகப் பகுதிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் ஏறத்தாழ 73 விழுக்காட்டினரே. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் அது 70 விழுக்காட்டைச் சற்றும் எட்டவில்லை. 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவரை நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இசைவளித்தது. தமிழ்நாடு அரசு 2019 செப்டம்பரில் இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு அறிவித்தது. பெற்றோரும் ஆசிரியர் அமைப்புகளும் எதிர்த்தனர். 2020 பிப்ரவரி 4இல் அவ்வறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் நடுவணரசு தன் பள்ளிகளில் நிறுத்தி வைக்கும் விதியைக் கொண்டுவந்தபோது, தமிழ்நாடு தன் நிலையை மாற்றவில்லை.

இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் எடுத்தாளும் எண்களின் பிறப்பிடத்தை நோக்குதல் தகும். 2017இலும் 2021இலும் நடந்த தேசிய அடைவுத் தேர்வு, முடிவுகளைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்பட்டோர், பிறர் எனப் பகுத்து வெளியிட்டது. தேர்வு நாளில் பள்ளிக்கு வந்திருந்த பிள்ளைகளை மட்டுமே அதனால் அளக்க இயன்றது. அசர் ஆய்வர் ஊருக்குள் சென்று வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பள்ளியில் பெயர் இல்லாத பிள்ளையும் அவர்முன் அமர்ந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்டுகிறது. மன்றோ சென்னை நகரில் வீட்டுப் பிள்ளைகளைத் தேடியது போன்றதே இது. ஆனால் அவ்வறிக்கை முடிவுகளைப் பாலினம், வகுப்பு, பள்ளி வகை எனப் பிரித்துத் தருகிறதேயன்றி, சாதிவாரியாகத் தருவதில்லை.